ஆசிரியர் மாணவரான ஒரு நாள்

பல ஆண்டுகள் மொழி கற்பித்த ஓர் ஆசிரியர், தாம் அறியாத ஒரு மொழியை முதல் பாடத்திலிருந்து கற்கத் தொடங்கினால் என்ன உணர்வார்? எங்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் விரிவுரையாளர் ஒருவர், விடுமுறையில் இத்தாலிக்குச் சென்று ஒரு மாதம் இத்தாலிய மொழி பயின்று வந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலான கற்பித்தல் அனுபவம் உடையவர் அவர். அங்குக் கழிந்த ஒரு நாளை அவர் எங்களிடம் விவரித்தார். அதன் அடிப்படையில் இக்கட்டுரை அமைகிறது.

கற்ற இடம்

பெருஜியா, நடு இத்தாலியில் உம்பிரியா வட்டாரத்தின் தலைநகர்; குன்றின்மேல் அமைந்த பழைய நகரம். அங்குள்ள அயல்நாட்டவருக்கான பல்கலைக்கழகம், 1921-இல் தொடங்கிய வகுப்புகளிலிருந்து வளர்ந்து 1925-இல் அரசாணை பெற்றது. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட வரையறையின்படி, மொழித்திறன் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பகுக்கப்படுகிறது. நம் விரிவுரையாளர் சேர்ந்ததோ ஏ1, அதாவது அடிப்படை நிலை. உடன் பயின்றவர்களில் பெரும்பாலோர் அவருடைய மாணவர்களின் வயதினர்.

காலை: வகுப்பறை

பாடம் முழுவதும் இத்தாலிய மொழியிலேயே நடந்தது. வினைச்சொற்கள் அவருக்கு எளிதாகவே இருந்தன. 'பார்லோ' என்றால் பேசுகிறேன். 'பார்லி' என்றால் பேசுகிறாய். 'பார்லா' என்றால் பேசுகிறான் அல்லது பேசுகிறாள். 'நான்', 'நீ' என்னும் எழுவாய் இல்லாமலே விகுதி ஆளைக் காட்டிவிடும். தமிழ் அறிந்தவருக்கு இது புதிதன்று. மலாய்மொழியிலோ யார் பேசினாலும் வினைச்சொல் மாறுவதில்லை. பெயர்ச்சொற்கள்தாம் அவரைத் திணறடித்தன. உயிரற்ற புத்தகம் ஆண்பால், பேனா பெண்பால். உயர்திணை, அஃறிணை என்று பகுத்துப் பழகிய மனம் இதை எளிதில் ஏற்கவில்லை.

அன்று குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "என் தாத்தா தோட்டத்தில் பால் மரம் சீவினார்" என்று சொல்ல நினைத்தவர், 'நொன்னோ' என்பதற்குப் பதில் 'நோனோ' என்று சொல்லிவிட்டார். முன்னது தாத்தா, பின்னது ஒன்பதாவது. வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால், அதன்பின் அன்றைய வகுப்பு முடியும்வரை அவர் வாய் திறக்கவில்லையாம்.

கனி, கன்னி என்னும் வேறுபாட்டைக் குழந்தைப் பருவத்திலேயே அறிந்தவர் ஏன் தடுமாறினார்? இத்தாலியச் சொற்களை ஆங்கிலம் படிப்பதுபோலப் படித்ததே காரணம் என்று பிறகு உணர்ந்தார். அன்றிரவு இரட்டை மெய் வரும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தார். அதற்குப் பின் அந்தப் பிழை வரவில்லை. புதிய மொழியைக் கற்கத் தாய்மொழி துணை நிற்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

பிற்பகல்: ரொட்டிக் கடை

நமக்கு 'நீ', 'நீங்கள்' இருப்பதுபோல அவர்களுக்கு 'தூ', 'லேய்' உண்டு. 'அவள்' என்று பொருள்படும் சொல்லே, மரியாதை கருதி ஆண், பெண் இருபாலாரையும் நோக்கி 'லேய்' என்று வழங்குகிறது. கடையில் இருந்த முதிய பெண்மணியிடம் விரிவுரையாளர், "தூ ஆய் பானே?" என்று கேட்டுவிட்டார். "நீ ரொட்டி வைத்திருக்கிறாயா?" என்பது இதன் பொருள். அந்த அம்மையார் முகம் சுளிக்கவில்லை, பிழையைச் சுட்டவுமில்லை. "லேய் வுவோலே பானே?", அதாவது "உங்களுக்கு ரொட்டி வேண்டுமா?" என்று திரும்பக் கேட்டார். சரியான சொல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. விரிவுரையாளர் நன்றி கூறும்போது 'லேய்' என்றே பேசினார். பிழையான கூற்றைத் திருத்திய வடிவில் இயல்பாகத் திருப்பிச் சொல்வதை மொழிக் கல்வியில் ஒரு திருத்தமுறையாகவே கற்பிக்கின்றனர். அந்தக் கடைக்கார அம்மையாருக்கு அது இயல்பாகவே வந்தது.

எல்லாரும் கற்றவர்களே

இத்தாலியர்களும் பொதுமொழியைக் கற்றே பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. 1861-இல் நாடு ஒன்றிணைந்தபோது மக்களில் 2.5 விழுக்காட்டினரே இத்தாலிய மொழி அறிந்திருந்தனர் என்று மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ 1963-இல் வெளியிட்ட நூலில் கணித்தார். அது பத்து விழுக்காட்டை ஒட்டியிருக்கலாம் என்போரும் உண்டு. எஞ்சியோர் வட்டார மொழிகளையே பேசினர்.

இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்றவர் வீரமாமுனிவர். 1680-இல் பிறந்த அவர், ஏறத்தாழ முப்பது வயதில் தமிழகம் வந்தார். தேம்பாவணி பாடும் அளவுக்குப் புலமை பெற்ற பின்னும், தமக்குப் பின் வரும் அயல்நாட்டவர் பேச்சுத் தமிழ் கற்பதற்காக இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தொடக்கநிலையின் துன்பத்தை அவர் மறக்கவில்லை எனலாம்.

நம் வகுப்புகளில்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற நான், 2016-இல் தேசிய இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் சேர்ந்தேன். "என் பொருள்கள் பையில் உள்ளன" என்று மலாயில் சொல்ல எழுந்தவன், 'பாராங்' என்னும் சொல்லின் முதல் ஒலியை அழுத்திச் சொல்லாததால், பையில் வெட்டுக்கத்தி இருப்பதாகச் சொல்லிவிட்டேன். தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே பகரம்தானே! வகுப்பே சிரித்தது. அவ்வாண்டு முழுவதும் நான் கை தூக்கவில்லை.

அதை மறந்துதான் போனேன் போலும். எங்கள் மொழிக் கழகம் நடத்தும் வார இறுதி வகுப்பில், தேசியப் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி, "நான் பல்லிக்குப் போனேன்" என்று வாசித்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். கற்பிக்க நின்ற நானும் சிரித்தேன். மறுவாரம் அவள் வரவில்லை.

விரிவுரையாளர் தம் பெருஜியா நாளைச் சொன்னது அந்த வாரத்தில்தான். அவளுடைய அம்மாவை அழைத்துப் பேசினேன். அதற்கடுத்த வாரம் வந்தாள். "பள்ளிக்குப் போனியாம்மா? பள்ளியில என்ன படிச்ச?" என்று கேட்டேன். "பள்ளியில கணக்குப் படிச்சேன்" என்றாள். இன்றும் மெல்லிய குரலில்தான் வாசிக்கிறாள், ஆனால், வாசிக்கிறாள்.

தமிழ் கற்பிக்க முன்வரும் மாணவ நண்பர்களே! முன்னாள் மாணவர்களே! வெளிநாடு செல்ல வாய்ப்பு இல்லாவிட்டாலும், நம் பல்கலைக்கழகத்திலேயே அறியாத மொழி ஒன்றின் தொடக்க வகுப்பில் ஒரு பருவம் அமர்ந்து பாருங்கள். பிழை செய்யும் பிள்ளையிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதை அந்த இருக்கை நமக்குக் கற்றுத்தரும்.