லென்ஸை முதலில் வாங்குங்கள்

ஓவியத் தபால்தலை சேர்க்க ஆசை என்று யார் வந்தாலும், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். ஆல்பமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வான் கோ, ரெம்பிராண்ட் என்று பெயருக்காக வாங்கினால் அலமாரி நிறைய அதிக நாளாகாது. 1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் அஜ்மான், ஃபுஜைரா, ஷார்ஜா போன்ற வளைகுடாச் சிற்றரசுகளின் பெயரில் ஓவியத் தபால்தலைகள் மூட்டை மூட்டையாக வந்தன. கடிதத்துக்காக அல்ல, சேகரிப்பாளர்களின் காசுக்காக. மூலையில் அளந்து வைத்தாற்போல் முத்திரை, பின்னால் பசை அப்படியே! தபாலில் போகாமலே முத்திரை வாங்கியவை என்று அதிலேயே தெரியும். ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக்கும் இவற்றில் பலவற்றைப் பின்னிணைப்பில்தான் வைத்திருக்கிறது. பார்த்து ரசிக்கலாம், முதலீடு என்று நம்பவேண்டாம்.

லென்ஸின் அருமை தெரிவது பிரான்ஸின் கலைப்படைப்பு வரிசையில். 1961இல் பிராக், மத்தீஸ், செசான், லா ஃப்ரெனே என்று நான்கு பேரின் படைப்புகளோடு, வழக்கத்தைவிடப் பெரிய அளவில் தொடங்கியது. செசானின் சீட்டாட்டக்காரர்களை லென்ஸுக்கு அடியில் வையுங்கள். வெறும் கண்ணுக்கு ஒரே பூச்சாகத் தெரிந்த கோட்டு, மயிரிழைக் கோடுகளாகப் பிரியும். தபால்தலை அளவுக்கே, இடவலம் மாற்றி, உலோகத்தில் ஒருவர் கையால் செதுக்கிய கோடுகள் அவை. விரல் நுனியால் லேசாகத் தடவினால் மை மேடு தட்டுப்படும். கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் செதுக்கியவர் பெயரும் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆஃப்செட்டில் அச்சானதை இப்படிப் பார்த்தால் வெறும் வண்ணப் புள்ளிகள்தான். செக்கோஸ்லோவாக்கியா 1966 முதல் நான்கு நான்காகச் சிறு தாள்களில் வெளியிட்ட ஓவிய வரிசையும் செதுக்கு அச்சுக்குப் பேர்போனது. என்னைக் கேட்டால், பிரான்ஸுக்கு ஒரு மாற்றுக் குறைவில்லை.

நம் நாட்டில் 1971 ரவி வர்மா, 1973 சிற்றோவிய வரிசை, 1978இல் வந்த நவீன ஓவிய வரிசை மூன்றையும் முதலில் பிடியுங்கள். கடைசி வரிசையில் அம்ரிதா ஷெர்கில்லின் மலைப்பெண்கள் இருக்கிறார்கள். 1975இல் மைக்கலாஞ்சலோவுக்காக வந்த நான்கும் ஒட்டினாற்போல் அச்சானவை, பிரித்து விற்றால் வாங்காதீர்கள். பொதுவாகவே ஓவியம் என்றால் நான் முத்திரை விழாததைத்தான் வாங்குவேன். மை சரியாக முகத்தில் வந்து விழும் என்பது தபால்தலை சேர்ப்பவர்கள் எல்லோரும் கண்டது.

ஒவ்வொன்றின் அடியிலும் மூல ஓவியத்தின் அளவை எழுதுவது என் பழக்கம். மோனாலிசா 77க்கு 53 செ.மீ.தான். 1981இல் ஸ்பெயின் சிறு தாளாக வெளியிட்ட குவெர்னிகாவோ, ஏறத்தாழ 7.8 மீட்டர் அகலம். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் இந்த எண்களைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

கறுப்புப் பின்னணி மவுண்ட் வாங்குங்கள், பல்விளிம்பு எடுப்பாகத் தெரியும். சென்னை மழைக்காலத்தில் ஆல்பத்தைப் படுக்கவைத்தால் பசை ஒட்டிக்கொள்ளும், நிறுத்தியே வையுங்கள். புதிய இந்திய வெளியீடுகளுக்கு அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில், பழைய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடத்திலுள்ள தபால்தலைப் பிரிவு போதும். வெளிநாட்டுப் பழையவற்றுக்குக் கண்காட்சி டீலர்கள்தான் கதி. அங்கே பேரம் பேசுவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.