நடுநிலை வண்ணங்களும் நம் வீடுகளும்

தீபாவளி நெருங்கினால் ஜொகூரின் தோட்டங்களில் சுண்ணாம்பு வாடை வீசத் தொடங்கிவிடும். குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வாடை இன்னும் நினைவிருக்கும். நீரில் கரைத்த சுண்ணாம்புடன் சிறிது நீலம் சேர்த்துச் சுவரில் அடிப்பார்கள். அது வெறும் அழகுக்கு மட்டுமன்று. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. ஆகவே, ஈரச் சுவரில் பூஞ்சணம் எளிதில் படராது. சன்னல் சிறுத்த அறைக்குள் வந்த கொஞ்ச வெளிச்சத்தையும் வெள்ளைச் சுவர் அறை முழுவதும் பரப்பியது.

தோட்டத்தைவிட்டு மாசாய், ஸ்கூடாய் போன்ற இடங்களின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது பலர் வரவேற்பறைக்குப் பச்சை, படுக்கையறைக்கு இளஞ்சிவப்பு என அறைக்கொரு வண்ணம் பூசினர். சொந்த வீடு கிடைத்த மகிழ்ச்சி அது, குறை சொல்வதற்கில்லை. இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மீண்டும் வெள்ளை, பாலாடை நிறம், சாம்பல், மணல் நிறம் ஆகியவற்றை நாடுகின்றனர். இவையே நடுநிலை வண்ணங்கள். இவை கண்ணைத் தம் பக்கம் இழுப்பதில்லை. நாற்காலி, திரைச்சீலை, சாமி படம் ஆகியவற்றை எடுப்பாகக் காட்டுகின்றன.

வரிசை வீடுகளுக்கு இவ்வண்ணங்கள் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அவ்வீடுகளின் பக்கச் சுவர்கள் இரண்டும் அண்டை வீடுகளோடு ஒட்டியவை. வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டுமே நுழையும். நடுப்பகுதி பகலிலும் இருண்டிருக்கும். நல்ல வெள்ளைச் சாயம் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். அடர்ந்த சாம்பல் நிறமோ 20 விழுக்காட்டைக்கூட அனுப்பாது. நடுக்கூடத்தில் அதைப் பூசியவர் பகலிலும் விளக்கைப் போட வேண்டியதுதான்.

செட்டிநாட்டு வீடுகளிலும் இந்த முறையைக் காணலாம். மலாயாவிலும் பர்மாவிலும் ஈட்டிய செல்வத்தால் எழுந்த அவ்வீடுகளில், முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புச் சாந்தை மெழுகுபோல் இழைத்தனர். அந்த வெண்மையின் நடுவே பர்மா தேக்குத் தூண்கள் கம்பீரமாகத் தெரிகின்றன. இதற்கு நேர்மாறானது ஜொகூர் பாருவின் அருள்மிகு இராஜகாளியம்மன் ஆலயம். 1922இல் தோன்றிய அக்கோயிலின் சுவர், தூண், கூரை எங்கும் இன்று சுமார் 3 இலட்சம் கண்ணாடித் துண்டுகள் மின்னுகின்றன. சிறிது நேரம் நின்று வியக்க அது அற்புதம். நாள் முழுவதும் கண் ஓய வேண்டிய வீட்டுக்கு அது பொருந்தாது.

வெள்ளையிலும் வகைகள் உண்டு. மஞ்சள் சாயல் கொண்டது இருண்ட அறைக்கு இதமளிக்கும். மாலை வெயில் நேரே விழும் மேற்கு அறைக்கு நீலச் சாயல் பொருந்தும். கடையில் தரும் சிறு அட்டையை மட்டும் நம்பக்கூடாது. சுவரில் ஓரிடத்தில் பூசி, காலை, மாலை, இரவு விளக்கொளி என மூன்று வேளையும் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறும் ஆபத்து ஒன்று உண்டு. சுவர் வெள்ளை, தரை வெள்ளை, படியும் வெள்ளை என்றால், கண்புரை உள்ள முதியவருக்குப் படி எங்கே முடிகிறது என்பதே தெரியாது. ஓர் அடி தவறினால் இடுப்பெலும்பு முறியலாம். தாத்தா பாட்டி உள்ள வீட்டில் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் சுமார் 5 சென்டிமீட்டர் அகலத்தில் அடர்பழுப்புப் பட்டை ஒட்டலாம். குளியலறைக் கைப்பிடியையும் சுவரின் நிறத்தில் வாங்காமல், தூரத்திலிருந்தே தெரியும் நிறத்தில் வாங்க வேண்டும்.