சப்போர்ட்டில் சேர்ந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கூடச் சேர்ந்தவர்களெல்லாம் டெவலப்மென்ட்டில் இருக்க, உன்னை மட்டும் சப்போர்ட் ப்ராஜெக்ட்டில் போட்டுவிட்டார்கள் என்று வருந்தி எழுதியிருக்கிறாய். யாரோ எழுதிவிட்டுப் போன நிரலுக்கு டிக்கெட் மூடுவதெல்லாம் ஒரு வேலையா என்கிறாய். வேலைதான், தம்பி. நம் தொழிலின் கடினமான பாதி அதுதான் என்பேன்.

நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையைத் தேடிப் படி. 2012 ஆகஸ்ட் 1 அன்று, சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தார்கள். புதிய நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியவர், ஒன்றை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய பழைய பகுதியொன்று அந்த சர்வரில் அழிக்கப்படாமல் கிடந்தது. அதை எழுப்பும் அதே குறியைப் புதிய வசதிக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தை திறந்ததும் செத்ததாக நினைத்தது எழுந்து, கணக்கில்லாமல் பங்குகளை வாங்கி விற்றது.

என்னை உறுத்துவது வேறொன்று. அன்று காலை சந்தை திறக்கும் முன்பே, அந்தப் பிழையைச் சொல்லும் 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. எச்சரிக்கையாக யாரும் அவற்றைக் கருதவில்லை. உன் இன்பாக்ஸிலும் தினமும் அப்படி வந்து குவியும். ஃபில்டர் போட்டு ஒதுக்காதே. எது எதற்காக வருகிறது என்று ஒருமுறையாவது கேள். தேவையில்லாததை நிறுத்தச் சொல், மிச்சத்தைப் படி.

டிக்கெட்டை மூடும் அவசரத்தில் ஜாபை ரீஸ்டார்ட் செய்துவிட்டு நகராதே. ஏன் நின்றது என்று லாகில் தேடு. பழைய கமிட்டுகளைப் புரட்டு. அபத்தமாகத் தெரியும் ஒரு நிபந்தனைக்குப் பின்னால் ஒரு வாடிக்கையாளரின் உண்மையான சிக்கல் இருக்கலாம், தெரியாமல் அழிக்காதே. தெரிந்துகொண்டதை அடுத்து வருபவருக்காக எழுதி வை.

இந்த உழைப்பு அப்ரைசலில் தானாக ஏறாது. எதையும் உடையாமல் காத்தவனை யாரும் கவனிப்பதில்லை, இது அநியாயம். அதனால் நீயே மாதாமாதம் குறித்து வைத்து மேனேஜரிடம் காட்டு. இரவு ஷிஃப்டுக்கான காம்ப்-ஆஃபைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்கு, தூங்கு. கற்றுக்கொள்ள ஒன்றுமில்லாமல் போனால் மட்டும் ப்ராஜெக்ட் மாற்றம் கேள்.

அடுத்த கடிதத்தில் டீமைப் பற்றிய புகார் வேண்டாம். தினமும் நின்றுபோகிறது என்றாயே, அந்த ஜாபை முதலில் யார், எதற்காக எழுதினார்கள் என்று கண்டுபிடித்து எழுது.

அன்புடன்,
அண்ணன்