புள்ளி பிழைத்தால்

கல்வி மக்கள் அனைவருக்கும் பொதுவான செல்வம். அச்செல்வத்தைக் கண்ணுடையார் கண்வழியாகப் பெறுகின்றனர். பார்வையற்றோர் விரல்நுனி வழியாகப் பெறுகின்றனர். விரலால் தடவிப் படித்தற்குரிய எழுத்துமுறைக்குப் பிரெயில் என்பது பெயர். அதனை வகுத்தவர் லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆவார்.

லூயி, 1809ஆம் ஆண்டில் பாரிசு நகருக்கு அருகிலுள்ள கூப்வ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் குதிரைகளுக்குச் சேணம் செய்பவர். லூயி மூன்று வயதுக் குழந்தையாய்த் தந்தையாரின் பட்டறையில் விளையாடியபோது, கூரிய கருவி ஒன்று அவர் கண்ணிற் பாய்ந்தது. அப்புண்ணின் நோய் மற்றைக் கண்ணையும் பற்றவே, அவர் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். பின்னர்ப் பாரிசு நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியிற் பயின்ற நாளில், சார்லசு பார்பியே என்பவர் வகுத்த பன்னிரு புள்ளி முறையை அறிந்தார். அம்முறை விரல்நுனியில் ஒருங்கே அடங்காமை கண்டு, அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கிச் செம்மை செய்தார். 1829ஆம் ஆண்டில் அம்முறையை விளக்கும் நூல் வெளிவந்தது.

பிரெயில் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சிறு கட்டத்துள் அமைவது. கட்டத்தின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்னும் புள்ளிகளும், வலப்பக்கத்தில் 4, 5, 6 என்னும் புள்ளிகளும் நிற்கும். எப்புள்ளி எழும்புகிறது, எப்புள்ளி எழும்பவில்லை என்பதைக் கொண்டு 63 வடிவங்கள் உண்டாகின்றன. புள்ளியின் உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த பாரதி பிரெயில் 1951ஆம் ஆண்டில் உருவாயிற்று. தமிழ் நூல்களும் அம்முறையிலேயே அச்சாகின்றன.

இத்துணைச் சிறிய புள்ளிகளில் ஒன்று பிழைத்தால் விளையும் தீங்கு யாது? பகரத்திற்கு உரியவை 1, 2, 3, 4 என்னும் புள்ளிகள். அவற்றுள் இரண்டாம் புள்ளி எழும்பாது போயின் அது மகரமாகிவிடும்; ‘பாலை’ என்னும் சொல் ‘மாலை’ ஆகும். லகரத்தில் அதே புள்ளி குறைந்தால் அது ககரமாகும். ‘வலை’ என்பது ‘வகை’ என்றாகும். இவையெல்லாம் பொருளுடைய சொற்களே ஆதலின், படிப்பவர் பிழையைப் பிழையென்று அறியவும் இயலாது.

எண்களில் நேரும் பிழை இதனினும் கொடியது. 7 என்னும் எண்ணில் நான்காம் புள்ளி குறைந்தால் அஃது 8 ஆகும். ஐந்தாம் புள்ளி குறைந்தால் 6 ஆகும். தேர்வுக்கூடத்தில் வினாத்தாளைத் தடவிப் படிக்கும் மாணவன், தன் கணக்கைச் சரியாகவே செய்து தவறான விடையை எழுதுவான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ஆம் ஆண்டு இயற்றிய நெறிமுறைப்படி, மருந்துப் பெட்டிகளின்மீது மருந்தின் பெயரைப் பிரெயிலிற் பொறித்தல் வேண்டும். பெயரோடு மருந்தின் அளவும் பொறிக்குமிடத்து, 50 என்பதில் ஒரு புள்ளி எழும்பாவிடின் அது 10 என்றாகும். நோயாளியின் நலமே அங்கு ஒரு புள்ளியைப் பற்றி நிற்கின்றது.

பிழைகள் புகும் வழிகள் பல. சட்டமும் எழுத்தாணியும் கொண்டு கையால் எழுதுவோர், தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்திச் செல்வர். தாளைத் திருப்பிய பின்னரே எழுத்துகள் எழும்பி நிற்கும். இடம் வலம் மாறிக் குத்தினால் இகரம் ஏகாரமாகும். 5 என்பது 9 ஆகும். கணினி வாயிலாக ஆக்கும்போது வேறொரு வகைப் பிழை நேர்கின்றது. ‘காகம்’ என்னும் சொல்லில் கால் இடவேண்டிய இடத்தில் ரகரத்தைத் தட்டச்சு செய்துவிட்டால், வடிவ ஒற்றுமையால் கண்ணுடையார் அதனைக் ‘காகம்’ என்றே படித்துச் செல்வர். பொறியோ இட்டதை இட்டவாறே மாற்றும். விரல் ‘கரகம்’ என்று படிக்கும். எழுத்துப் பிழையின்றி அச்சிட்ட ஏட்டிலும் குறை நேர்தல் உண்டு. தாள் மெலிதாயின் புள்ளி கிழியும். ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தினால் புள்ளி தேயும். தாளின் இருபுறமும் அச்சிடுங்கால் இடம் பிசகினால் ஒருபுறத்துப் புள்ளி மறுபுறத்துப் புள்ளியை நசுக்கும்.

ஆதலின் நல்ல பிரெயில் அச்சகங்கள் மெய்ப்புத் திருத்தும் பணியைப் பெரிதும் போற்றுகின்றன. அப்பணியை இருவர் கூடிச் செய்யும் முறை உண்டு. பார்வையற்ற ஒருவர் பிரெயில் ஏட்டைத் தடவி, எழுத்து, எண், நிறுத்தற்குறி ஆகிய அனைத்தையும் உரக்கப் படிப்பார். கண்ணுடைய மற்றொருவர் மூலநூலைக் கையிற்கொண்டு அதனோடு ஒப்பிட்டு வருவார். தேய்ந்த புள்ளியும் அதன் நிழலாற் கண்ணுக்குத் தோன்றக்கூடும். அது படித்தற்கு உதவுமா என்பதை விரலே அறியும். இதனால் பார்வையற்றோர் இப்பணியில் தலைசிறந்த திறனாளராய் விளங்குகின்றனர்.

துத்தநாகத் தகடுகளைக் கொண்டு அச்சிடும் முறையில், தகட்டிற் பிழை கண்டால் மிகைப் புள்ளியைத் தட்டி அமிழ்த்துவர். குறைந்த புள்ளியைப் புதிதாக எழுப்புவர். திருத்திய பின்னும் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பர். தகட்டில் நின்றுவிட்ட ஒரு பிழை, அதிலிருந்து எடுக்கும் எல்லாப் படிகளிலும் புகுமன்றோ?

கண்ணுடைய மாணவன் ஒரு நூலில் ஐயம் கொண்டால் வேறு நூல்களைப் புரட்டி உண்மை அறிவான். பார்வையற்ற மாணவனுக்கோ பல வேளைகளில் கையிலுள்ள பிரெயில் நூல் ஒன்றே துணையாகும். அந்நூலைப் பிழையற ஆக்கித் தருதல் அவனுக்குக் காட்டும் இரக்கம் அன்று. அவனுக்குரிய கல்வியைக் குறைவின்றி அளிக்கும் கடமையே ஆகும். தம் பெயர் வெளிப்படாது, வரிதோறும் புள்ளிகளை ஆய்ந்து திருத்துவோர் அக்கடமையை நாள்தோறும் ஆற்றி வருகின்றனர்.