தாளிச்சா: பெயர் ஒன்று, பாகம் பல

பெருநாள் என்றால் நெய்ச்சோறு; நெய்ச்சோறு என்றால் பக்கத்தில் தாளிச்சா. ஆயினும் கெப்பாலா பத்தாஸில் ஒரே பந்தியில் அமரும் நம்மவரிடையே, "எங்கள் ஊரில் இதைத் தாளிச்சா என்று சொல்லமாட்டோம்" என்ற பேச்சு எழுவதுண்டு. உணவு வியாபாரம் செய்யும் நாம் இவ்வேறுபாடுகளை அறிந்திருப்பது அவசியமாகும்.

முதலில் பெயர். தாளிப்பதால் தாளிச்சா என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஹைதராபாத்தில் இதன் பெயர் தால்ச்சா. 'தால்' என்றால் பருப்பு. மலாய்க்காரரும் தால்ச்சா என்றே சொல்கின்றனர். தமிழர் நாவில் அது தாளிச்சா ஆயிற்று.

இனிப் பாகம். ஹைதராபாத்தார் கடலைப்பருப்பும் ஆட்டிறைச்சியும் சுரைக்காயும் சேர்ப்பர். அங்கே சுரைக்காய்க்குக் 'கத்து' என்று பெயர். டில்லிப் பக்கத்திலோ அச்சொல் பரங்கிக்காயைக் குறிக்கும்! தமிழகத்தில் பெரும்பாலும் துவரம்பருப்பு, ஆட்டெலும்பு, கத்தரிக்காய், மாங்காய் என்பனவே தாளிச்சாவின் உறுப்புகள். சிலர் வாழைக்காயும் போடுவர். ஆம்பூரிலோ பிரியாணிக்குத் துணை புளி சேர்ந்த எண்ணெய்க் கத்தரிக்காய். பினாங்கில் உருளைக்கிழங்கு, காரட், பயற்றங்காய் எல்லாம் சட்டியில் ஏறிவிட்டன. தேங்காய்ப்பால் விடுவாரும் உளர். நாசி மின்யாக்குக்கு மட்டுமின்றி ரொட்டி சானாய்க்கும் இங்கே அதை ஊற்றுகின்றனர்.

இத்தனை வேறுபாட்டிலும் பொதுவானது புளிப்பு. நெய்யின் திகட்டலைப் போக்குவது அதுவே. ஆனால் பருப்பு வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றினால் பருப்பு எளிதில் குழையாது. ஆகவே பருப்பு நன்றாக வெந்தபின்னரே புளி சேர்க்கவேண்டும். பெருஞ்சட்டியில் சமைப்போர் இதை மறக்கலாகாது.

எது உண்மையான தாளிச்சா என்று வாதாடுவதில் பயனில்லை. வியாபாரிக்கு முக்கியமானது வேறு. நம் கடைக்கு இந்துக்களும் சீனர்களும் வருகின்றனர். அவர்களுள் மாட்டிறைச்சி உண்ணாதோர் பலர். புலாலே தொடாதோரும் உண்டு. மேலே காய்கறி மிதப்பதைக் கண்டு, பருப்புக் குழம்புதானே என்று நம்பிக் கேட்பர். அடியில் எலும்பு கிடந்தால் அதைச் சொல்லவேண்டியது நம் கடமையன்றோ? எனவே, எலும்பு சேர்ந்ததா, ஆடா மாடா என்பதை வாடிக்கையாளர் கேட்குமுன் நாமே சொல்லிவிடுவோம். விருந்துக்கு ஆர்டர் எடுக்கும்போதும் 'தாளிச்சா' என்று மட்டும் குறிக்காமல், எந்தப் பருப்பு, என்னென்ன காய், என்ன இறைச்சி என்பதையும் சீட்டில் எழுதிக்கொள்வோம்.

பெயரால் வரும் குழப்பம் சட்டி இறங்கியபின் தீராது. அடுப்பு மூட்டுமுன்னரே தீர்க்கவேண்டும். வாடிக்கையாளரின் நம்பிக்கையே நம் கடையின் முதல்.