சமையலறை அலமாரிக்கு வண்ணம் பூசுதல்

வல்லார்பாடம் கொச்சிக் காயலின் நடுவே அமைந்த தீவு. 2004ஆம் ஆண்டு கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை எறணாகுளம் செல்லப் படகையே நம்பியிருந்த ஊர். 2011இல் இங்குச் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கப்பட்டது. நம் மாணவர் சிலரின் தந்தையர் அங்கே பணிபுரிகின்றனர். அத்தகைய ஒரு மாணவியின் இல்லத்திற்குச் சென்ற மார்கழியில் சென்றிருந்தேன்.

பொங்கலுக்கு முன் வீட்டைப் புதுப்பிக்கும் வழக்கத்தை அக்குடும்பம் இங்கு வந்த பின்னும் விடவில்லை. அவ்வழக்கம் கொச்சிக்கும் நன்கு பொருந்துகிறது. இடவப்பாதி மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். துலாமழையும் ஓய்ந்த பின்னரே காயலோர வீட்டு மரம் உலரும். ஈர மரத்தின்மேல் பூசிய வண்ணம் கொப்புளித்து உரிந்துவிடும்.

அது பழைய வாடகை வீடு. சமையலறையில் அயினி மரத்தாலான அலமாரி ஒன்று இருந்தது. அயினியை இவ்வூரார் ஆஞ்ஞிலி என்பர். கதவின் விளிம்பில் வண்ணம் உரிந்த இடத்தில் மூன்று அடுக்குகள் தெரிந்தன: மேலே வெண்மை, அதனடியில் மஞ்சள், அதற்கும் அடியில் பச்சை. மாணவியின் தந்தை உப்புத்தாளால் கதவை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். தரையெங்கும் மஞ்சள் தூள். இரண்டு வயதுத் தம்பி அத்தூளில் விரலால் கோடு கிழித்து, அவ்விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த தாத்தா இதைக் கண்டார். அவர் நாற்பது ஆண்டுகள் வண்ணம் பூசும் தொழில் செய்தவர். “எய்யா, தேய்ப்பதை நிறுத்து. பிள்ளையை முதலில் வெளியே கொண்டுபோ” என்றார்.

தாத்தா அஞ்சியது எதனை? பழைய எனாமல் வண்ணங்கள் பலவற்றில் காரீயம் கலந்திருந்தது. மஞ்சள் நிறம் பளிச்சிடவும், பூச்சு விரைவில் உலரவும், நெடுநாள் உழைக்கவும் காரீயச் சேர்மங்களைக் கலந்தனர். அவ்வண்ணம் உரிந்தோ தூளாகியோ உடலுக்குள் சென்றால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். குழந்தைகளின் மூளை வளரும் பருவத்தில் இருப்பதால் அவர்களுக்கே கேடு மிகுதி; கற்கும் திறனும் கவனமும் குறையும். காய்ச்சலைப்போல இது வெளியே தெரிவதில்லை. இரத்தப் பரிசோதனையால்தான் அறிய இயலும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இங்கு ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசுவதும் வெள்ளீயமே. காரீயம் முற்றிலும் வேறான உலோகம். பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம்.

இக்கேட்டினை உலகம் உணர்ந்தது நேற்று இன்றன்று. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளில் பூசிய வண்ணமே குழந்தைகளின் நோய்க்குக் காரணம் என்று 1904ஆம் ஆண்டிலேயே எழுதினார். அமெரிக்கா 1978இல் வீட்டு வண்ணங்களில் காரீயத்தைத் தடுத்தது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி வீட்டு வண்ணத்தில் பத்து லட்சம் பங்கிற்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தல் கூடாது. ஆயினும் புதிய டப்பாவுக்கு வகுத்த விதி பழைய கதவில் உள்ள வண்ணத்தை மாற்றிவிடாது. அம்மூன்று அடுக்குகளில் காரீயம் உண்டா இல்லையா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. ஆகவே உண்டு என்று கொண்டு நடப்பதே அறிவுடைமை.

தாத்தா வேலையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். குழந்தைகள் அண்டை வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். பாத்திரங்கள் வேறு அறைக்குச் சென்றன. சிதறிய தூளைத் துடைப்பத்தால் பெருக்கவிடாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கச் செய்தார். பெருக்கினால் தூள் காற்றில் எழும். துணிகளை ஒரு பையில் இட்டுக் கட்டினார்; காயலில் எறியவில்லை. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று பலர் எண்ணுவர். நுண்தூளைக் கைக்குட்டை தடுக்காது.

சமையலறை மரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அதன்மேல் எந்த வண்ணமும் ஒட்டாது. சோப்பு நீரால் இருமுறை கழுவி, நன்கு உலர்த்தினர். பின்னர்த் தண்ணீரில் நனைத்த நீர்த்தாளால் மெல்லத் தேய்த்தனர். இம்முறையில் தூள் பறவாமல் சேறாக வழியும். அதைத் துடைத்து எடுத்துவிடலாம். மரம் தெரியும்வரை சுரண்டவேண்டும் என்று தந்தை கருதினார். தாத்தா இசையவில்லை. பழைய பூச்சு உறுதியாகப் பிடித்திருந்த இடங்களை அவர் அப்படியே விட்டார். பொரிந்த விளிம்புகளை மட்டும் சமன் செய்து பட்டி பார்த்தார். உப்புக்காற்றில் துருவேறிய கீல்களுக்கு மாற்றாகப் பித்தளைக் கீல்கள் வந்தன. அதன்பின் பிரைமர் ஒரு பூச்சு, எனாமல் இரு பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள் உலரவிட்டார். சன்னல்கள் திறந்தே இருந்தன.

மூன்று நாள் கழித்து மாணவி, “சுவருக்கும் அலமாரிக்கும் சாயம் அடித்தாயிற்று, ஐயா” என்றாள். மலையாளத்தில் அது சரி. தமிழில் துணிக்குத்தான் சாயம். சுவருக்கும் மரத்திற்கும் வண்ணம் பூசுகிறோம். அவளைத் திருத்திவிட்டு, தம்பி எங்கே என்று கேட்டேன். வாடை நீங்கும்வரை அவன் அண்டை வீட்டிலேயே இருப்பான் என்றாள்.

பயிற்சி

1. காரீயம், வெள்ளீயம்: வேறுபாட்டை எழுதுக.
2. வறட்டுத் தேய்ப்பைத் தாத்தா ஏன் தடுத்தார்?
3. உறுதியான பழைய பூச்சைத் தாத்தா சுரண்டாமல் விட்டதன் காரணம் யாதாக இருக்கும்?
4. உங்கள் வீட்டுப் பழைய கதவு ஒன்றின் விளிம்பைத் தொடாமல் உற்றுநோக்கி, கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.