கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சுவர்

ஊதா பெயின்ட் அடிக்க ஆசையா? நாலு சுவருக்கும் வேண்டாம். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் ஒன்றே போதும், மற்றவை சந்தன வெள்ளையாக இருக்கட்டும்.

ஷேட் கார்டை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, 2 அடிக்கு 2 அடி அளவில் இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் காலையிலும் இரவிலும் பாருங்கள். வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும் நிறம் இது: வெள்ளை டியூப்லைட்டில் நீலம் தட்டும், மஞ்சள் பல்பில் சிவப்புச் சாயல் ஏறும். சின்ன அறைக்கு வெளிர் ஊதாதான் அழகு.

சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அடர் நிறத்தில் உப்புப் பூப்பது பளிச்செனத் தெரியும். மிச்ச பெயின்டையும் ஷேட் எண்ணையும் பத்திரமாக வையுங்கள், கீறல் விழுந்தால் தேவைப்படும்.